இரண்டு பேர்க்காரனுக்கு வந்த பார்சல்

ஐம்பத்திரண்டு வயதுவரை நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. இப்போதும் தொட்டதில்லை. ஆனால் ஒரு வேட்டைத் துப்பாக்கியின் முதுகில் ஸ்கோப்பை மாட்ட எந்த ரெயில் பொருந்தும் என்று கேட்டால், இந்த யாங்கோன் நகரத்தில் என்னைவிட விவரமாகச் சொல்லக்கூடிய கோழை வேறு எவனும் இருக்க மாட்டான்.

லான்மடாவில் எனக்கு ஒரு கடை உண்டு. அதைக் கடை என்று சொன்னால் பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். மாடிப்படிக்குக் கீழே இரண்டு ஆள் அகலம், அவ்வளவுதான். பூஞ்சை பிடித்த பைனாகுலர், கல்லூரிகளின் மைக்ராஸ்கோப், மனை அளப்பவர்களின் லெவல் கருவி, லைங் தாயா தையல் ஆலைகளில் துணியின் இழையை எண்ணிப் பார்க்கும் பூதக்கண்ணாடி என்று, கண்ணாடி வைத்த எதைக் கொண்டு வந்தாலும் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுப்பேன். கழற்றியதையெல்லாம் மறுபடி மாட்டினேனா என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒரு சாயங்காலம் என் சிநேகிதன் கடைக்கு வந்தான். முன்பு மிஷன் பள்ளியாக இருந்து பிறகு அரசுப் பள்ளியான கட்டடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவன் வேதக்காரன். மூன்று தலைமுறையாகப் பேனா பிடித்த குடும்பம். எங்களுடையது துறைமுகத்தில் மூட்டை பிடித்த குடும்பம். அவன் இப்போது போட்டாதாங்கில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தலைமை கிளார்க். என் அப்பா செத்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டை விட்டு நகராதவன். அவன் மகள் காய்ச்சலில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவன் நான். எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. அந்தக் குறையை யாராவது நினைவுபடுத்தினால், எதிரே இவன் உட்கார்ந்திருப்பான்.

"மச்சான், நீ கண்ணாடி டாக்டர்தானே. ஒரு சந்தேகம்" என்றான்.

"எனக்கே நிறையச் சந்தேகம் இருக்கு. சொல்லு."

"அக்கா வீட்டுக்காரரு ஆஸ்திரேலியாவுல காட்டுப் பன்னி சுடுறாரு. ஸ்கோப்பு வாங்கிட்டாரு. அதைத் துப்பாக்கி மேல மாட்டுறதுக்கு ரெயிலுன்னு ஒண்ணு வேணுமாம். கடையில நூறு விதம் இருக்காம். எது சரின்னு அவருக்குத் தெரியல. நீ பாத்துச் சொல்லு."

'எனக்குத் தெரியாது' என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் 'கண்ணாடி டாக்டர்' என்று கூப்பிட்டுவிட்டானே. அன்றைக்கே படிக்க ஆரம்பித்துவிட்டேன். கரண்ட் இருக்கிற நேரத்தில் வீபிஎன் வேலை செய்யாது, வீபிஎன் வேலை செய்கிற நேரத்தில் கரண்ட் இருக்காது. இரண்டும் சேர்ந்து வருகிற அபூர்வமான நிமிஷங்களை எல்லாம் ஆஸ்திரேலியப் பன்றிகளுக்கே கொடுத்தேன்.

விஷயம் சின்னதுதான். ஸ்கோப் நேராகத் துப்பாக்கியின் மேல் உட்காராது. நடுவில் ஒரு பட்டை வேண்டும். குறுக்கே பல் பல்லாகப் பள்ளம் வெட்டிய அந்தப் பட்டைக்குத்தான் ரெயில் என்று பேர். அதை நான்கு ஸ்க்ரூவால் துப்பாக்கியின் முதுகில் இறுக்கி, மேலே இரண்டு வளையங்களைப் பூட்டி, வளையங்களுக்குள் ஸ்கோப்பைப் படுக்க வைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் முதுகு ஒவ்வொரு மாதிரி. ஒன்று உருண்டிருக்கும், ஒன்று தட்டையாக இருக்கும், ஒன்றில் முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வுக்குத் தகுந்தபடி ரெயிலின் அடிவயிறு இல்லாவிட்டால், ஸ்க்ரூவை இறுக்க இறுக்க ரெயில் வளையும். அதன் மேல் படுத்திருக்கும் ஸ்கோப்பும் கூடவே நெளியும். ஒரே நீளப் பட்டை உறுதியானது, ஆனால் தோட்டா போடுகிற வாயை மறைக்கும். இரண்டு துண்டாக வாங்கினால் வாய் திறந்திருக்கும், ஆனால் இரண்டும் ஒரே கோட்டில் உட்கார வேண்டும். உயரம் குறைந்தால் ஸ்கோப்பின் பெரிய கண்ணாடி குழலில் இடிக்கும். கூடினால் சுடுகிறவன் கன்னத்தைக் கட்டையில் சாய்க்க முடியாமல் கொக்கு மாதிரி கழுத்தை நீட்ட வேண்டும்.

மூன்று வாரம் இதே வேலை. அளவு கேட்டுச் சிநேகிதனுக்கு எழுதினேன். அளவு வந்தது. வெர்னியர் வைத்து மறுபடி அளக்கச் சொன்னேன். அதுவும் வந்தது. படம் கேட்டேன், படமும் வந்தது. ஒரு படத்தில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நம்மூர் டீக்கடைகளில் இருக்கிற பூப்போட்ட பிளாஸ்க்கும் கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களும் இருந்தன. 'பாவம், எவ்வளவு தூரம் போனாலும் ஊர்ப் பழக்கம் விடவில்லை' என்று கண் கலங்கினேன். என் மூளை எந்த லட்சணத்தில் வேலை செய்தது என்பதற்கு இதுவே போதும்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே துண்டு, அலுமினியம், தோட்டா வாய்க்கு நேராக ஒரு பக்கம் அரைவட்டமாக வெட்டிவிட்டது, உயரம் குறைந்தது. முன்பக்க ஸ்க்ரூ மட்டும் குட்டையாக இருக்க வேண்டும், நீளமானதைப் போட்டால் உள்ளே இடிக்கும் என்று அடிக்கோடிட்டு எழுதி அனுப்பினேன். "மச்சான், நீ மேதைடா" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை மனைவியிடம் இரண்டு முறை காட்டினேன்.

ஒரு மாதம் கழித்து, எல்லையிலிருந்து சரக்கு கொண்டு வரும் ஒரு கார்கோ ஆபீஸிலிருந்து போன். என் தமிழ்ப் பெயரைக் கண்டபடி கடித்துத் துப்பி, பார்சல் வந்திருக்கிறது என்றார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பர்மாத் தமிழர்கள் எங்களில் பல பேருக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கும் மப்பொந்தின் என்கிற அடையாள அட்டைக்கும் பர்மியப் பெயர். கோயில் அர்ச்சனைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் தமிழ்ப் பெயர். இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதிலேயே என் ஆயுசில் கால்வாசி போய்விட்டது. பேங்கில் சண்டை, ஆஸ்பத்திரியில் சண்டை, இப்போது கல்யாணமாகிப் போய்விட்ட மகளை அன்று பள்ளியில் சேர்க்கும்போது பெரிய சண்டை. அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருக்கிறேன். வார்டு ஆபீஸ் கடிதம், பிறப்புச் சான்று, பழைய கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது எல்லாம் அதில் தயாராக இருக்கும்.

கார்கோ ஆபீஸில் ஒரு பர்மியப் பெண் அட்டையைப் பார்த்தாள், பார்சலைப் பார்த்தாள்.

"ஊலே, கார்டுல வேற பேரு. இது உங்களுது இல்ல."

ஊலே என்றால் மாமா. மரியாதையாகத்தான் சொன்னாள். கடவுளே இறங்கி வந்து கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, தப்பித்துப் போடா மடையா என்று வாசல் பக்கம் கை காட்டிய மாதிரி அது. புத்தியுள்ளவன் சரி என்று திரும்பியிருப்பான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"ரெண்டும் நான்தான்மா" என்றேன்.

"எது நிஜப் பேரு?"

"ரெண்டுமே நிஜம்."

"அப்ப எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு சர்க்காருக்கு, ஒண்ணு சாமிக்கு."

"பார்சலு சர்க்காருக்கா சாமிக்கா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கவரைத் திறந்தேன். கால் மணி நேரம் வாதாடினேன். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு நேராக விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினேன். மேனேஜரைக் கூப்பிட வைத்தேன். கடைசியில் ஜெயித்தேன். அட்டையை நகல் எடுத்துக்கொண்டார்கள். ரிஜிஸ்டரில் இரண்டு பெயரையும் எழுதி இரண்டு கையெழுத்து வாங்கினார்கள். கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் கொடுத்தேன். பார்சலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி ஒரு படமும் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரித்திருக்கிறேன். நன்றாகவே சிரித்திருக்கிறேன். ஆபீஸ்களில் நான் ஜெயிப்பது அபூர்வம்.

கடைக்கு வந்து பிரித்தேன். உள்ளே கறுப்பாக, ஒரு ஜாண் நீளத்தில், பல் பல்லாக ஒன்று. முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? பெருமை. அடிவயிற்றைத் தடவிப் பார்த்தேன். நான் சொன்ன அதே தாழ்வு, அதே அரைவட்ட வெட்டு. தனிக் காகிதப் பையில் குட்டை ஸ்க்ரூக்கள். 'என்ன அழகான தேர்வு!' என்று ஒரு முழு நிமிஷம் என்னையே மெச்சிக்கொண்டேன்.

பிறகுதான் எழுந்து போய்த் தெருவை எட்டிப் பார்த்தேன். இந்தக் காலத்தில், இந்த ஊரில், ஒரு துப்பாக்கியின் துண்டு. என் பேரில், அதுவும் என் இரண்டு பேரிலும், என் கையெழுத்தோடு, சிரித்த முகத்தோடு. பட்டாளம் பஸ்ஸை நிறுத்திப் போனைத் திறந்து பார்க்கிற ஊர் இது. என் போனில் துப்பாக்கி ரெயில் படங்கள் மட்டும் நூற்றுக்கு மேல். உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தேன். அவசரத்தில் ஒன்றை அழிப்பதற்குப் பதிலாகக் கோயில் அன்னதானக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். உடனே ஒருவர் கேட்டார்: "அண்ணே, இது பந்தலுக்கா?" ஆமாம் என்று போட்டேன். "ரொம்பக் குட்டையா இருக்கே" என்றார் இன்னொருவர்.

ரெயிலை லெவல் கருவியின் பெட்டியில் ஒளித்தேன். முதலில் அதைத்தானே திறப்பார்கள் என்று எடுத்தேன். மேஜைக்கு அடியில் ஒட்டினேன், விழுந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து பார்த்தேன். ஆடியில் பார்த்தால் துப்பாக்கியையே செருகிய ஆள் மாதிரி இருந்தேன். கடையைச் சாத்திவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய் அரிசி டின்னுக்குள் புதைத்தேன். அரிசி எடுக்க வந்த மனைவி அதை வெளியே இழுத்தாள்.

"என்ன இது, திரை மாட்டுற கம்பியா?"

"ஆமா."

"இவ்ளோ குட்டி ஜன்னலு எந்த வீட்டுல இருக்கு?"

சொல்லிவிட்டேன். சொல்லும்போதே சமாதானமும் சேர்த்துச் சொன்னேன். ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியது விலாசம் மாறி வந்திருக்கும், கடைக்காரன் செய்த பிழையாக இருக்கும், சிநேகிதன் சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருப்பான். மூன்று காரணங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அவள் பார்சல் உறையை வாங்கி அதன் மேலிருந்த சீட்டைப் படித்தாள். "இந்தப் பேரு வெளியில யாருக்குங்க தெரியும்?" என்றாள். "கோயில் குருக்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உங்கம்மா போய்ச் சேந்துட்டாங்க. வேற யாருக்கு, எழுத்துப் பிசகாம எழுதத் தெரியும்?"

அவள் அரிசியை மட்டும் அளந்து எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் கார்கோ ஆபீஸுக்குப் போன் போட்டு, அந்தப் பார்சல் என்னுடையதல்ல, திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். அதே பெண்தான் எடுத்தாள். "ஊலேதான் நேத்து கல்யாணப் பத்திரிகை எல்லாம் காட்டி உங்களுதுன்னு நிரூபிச்சீங்களே" என்றாள். இப்போது எது நிஜம் என்று அவள் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.

பார்சலைக் காய்கறிப் பையில் போட்டு, மேலே ஒரு கட்டு கீரையைப் பரப்பிக்கொண்டு போட்டாதாங்குக்குப் போனேன். படகுத்துறைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு அவனை வரச் சொன்னேன். வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வந்துருச்சா?" என்றான்.

"உங்க அக்கா வீட்டுக்காரரு எப்ப ஆஸ்திரேலியாவுல இருந்து லான்மடாவுக்குக் குடி வந்தாரு?"

அவன் சிரிக்கவில்லை. டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னான். துப்பாக்கி அவனுடைய பாஸுடையது. பாஸுக்குத் தெற்கே ரப்பர் தோட்டம் இருக்கிறது, அங்கே பன்றி வேட்டை. பாஸ் தாய்லாந்தில் கிளை திறக்கிறார். இவனைக் குடும்பத்தோடு அங்கே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். விசாவுக்குக் காகிதம் கொடுத்தாகிவிட்டது.

"அவருக்கு எல்லா அனுமதியும் இருக்கு மச்சான்."

"இருக்குல்ல? அப்ப அவரு பேருலயே வர வெக்கலாமே."

"பெரிய மனுஷங்க பேருல இதெல்லாம் வருமா?"

"உன் பேருல வரலாமே."

"விசா போட்டிருக்கேன்டா. இந்த நேரத்துல என் பேரு எதுலயும் வரக் கூடாது. உன் கடைன்னா லென்ஸு, ஸ்கோப்பு எல்லாம் கெடக்கும். ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"கேட்டா?"

அவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். எனக்கு ஏதோ நல்லது செய்தவன் மாதிரி குரல் வந்தது. "அதுக்குத்தானே உன் தமிழ்ப் பேரைப் போட்டேன்! அந்தப் பேரு எந்தச் சர்க்கார் காகிதத்துலயும் கெடையாது. ஏதாச்சும் ஒண்ணுன்னா அது நான் இல்லன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். பார்சலு அப்பிடியே திரும்பிப் போயிருக்கும். உன்னை யாரு மச்சான் அங்க போயி நிரூபிக்கச் சொன்னா?"

நியாயமான கேள்வி. என் சிரிப்புப் படம் கண் முன்னால் வந்து போனது.

"எனக்கு ஒரே பேருதான் மச்சான்" என்றான். "ஞானஸ்நானத்துக்கும் அதுதான், பாஸ்போர்ட்டுக்கும் அதுதான். உனக்கு ரெண்டு இருக்கு."

இரண்டு சட்டை வைத்திருப்பவனிடம் ஒன்றைக் கேட்கிற தொனியில் சொன்னான். அந்தப் பெயரை என் அம்மா வைத்தாள். அவள் போன பிறகு ஜன்னலுக்குக் கீழே தெருவில் நின்று அதைச் சத்தமாகக் கூப்பிட்டவன் இவன் ஒருவன்தான். எங்கேயும் செல்லாத பெயர் என்பதால் பத்திரமானது என்று இவனுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அது ஒன்றுதான் என் பெயர் மாதிரி இருந்தது. இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஜோக் அடிக்க முடியாது. ஜோக் அடிக்காவிட்டால் நான் யார்?

கீரைக்கட்டோடு பையை அவன் பக்கம் தள்ளினேன். "எடுத்துக்கிட்டுப் போ. கீரை உனக்கு இனாம்."

அவன் கை மேஜைக்குக் கீழேயே இருந்தது.

"இங்கயா? பட்டப்பகல்ல? உன் கடையிலயே இருக்கட்டும். டிரைவரை அனுப்புறேன்."

"இப்பவே எடு. அப்புறம் என்னோட வா. கார்கோ ஆபீஸுக்குப் போவோம். பார்சலு உன்னுதுன்னு ஒரு வரி எழுதிக் கொடு. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"சரி" என்றான். "கை கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்தான்.

நான் காத்திருந்தேன். ஒரு மனிதனுக்குக் கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாதவனா நான்? ஆனாலும் காத்திருந்தேன். குழாய் அடைத்திருக்கும், வயிறு சரியில்லை போல, ஆபீஸிலிருந்து போன் வந்திருக்கும் என்று அவன் சார்பில் நானே ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு படகு நிறையச் சனங்கள் இறங்கிப் போனார்கள். அவன் டீயில் ஆடை கட்டியது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குழாய் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் சந்துக்குப் போகும் கதவு திறந்து கிடந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு அவன் ஆபீஸ் மாடிப்படி ஏறினேன். அவன் மேஜையில் எல்லார் எதிரிலும் பார்சலை வைத்து, 'உங்கள் தலைமை கிளார்க்கின் சாமான்' என்று உரக்கச் சொல்லப் போகிறேன். படி முழுக்க இந்த வசனத்தைத்தான் சொல்லிப் பார்த்தேன். மேலே அவன் நாற்காலி காலியாக இருந்தது. முதுகில் துண்டு தொங்கியது. மேஜைக் கண்ணாடிக்குக் கீழே அவன் மகளின் படம். என் ரத்தம் ஏறிய பெண். யாரோ என்னைப் பார்த்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார்கள். "கீரை வேணுமா?" என்றேன். வேண்டாம் என்றார்கள். இறங்கி வந்துவிட்டேன். பெருந்தன்மையாலா, மேலே காமிரா இருந்ததாலா என்று கேட்டால், கைலியின் நனைந்த பகுதியைக் காட்டித்தான் பதில் சொல்ல முடியும்.

கடைக்கு வந்து கதவைப் பாதி இழுத்துவிட்டேன். ரெயிலை வைஸ் இடுக்கியில் பூட்டி, இரும்பறுக்கும் வாளால் நான்கு துண்டாக அறுத்தேன். அலுமினியம் சீக்கிரம் அறுபடும். இவ்வளவு சரியாகப் பொருந்துகிற ஒன்றை நான் தேர்ந்தெடுத்து நானே அறுத்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது. பிறகு அரம் எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் பல்லையெல்லாம் ராவினேன். வெள்ளைப் பொடி மடியில் கொட்டியது. கடைசியில் அவை எதன் துண்டு என்று எனக்கே சொல்லத் தெரியாதபடி ஆகிவிட்டன.

சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், அவசரமா போக வேண்டியதாப் போச்சு. கோவிச்சுக்காத. டிரைவரு கெளம்பிட்டாரு. பத்திரமா இருக்குல்ல?"

"பத்திரமா இருக்கு. நாலு துண்டா இருக்கு."

சிரித்தான். "வெளையாடாதடா."

"வெளையாடல."

"டேய், எப்பப் பாத்தாலும் உனக்குத் தமாஷுதான்."

"தமாஷு இல்ல. அறுத்துட்டேன். பல்லையும் ராவிட்டேன்."

இதைச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. நாற்பது வருஷப் பழக்கத்தில் அவன் கேட்டிராத குரலாக இருந்திருக்க வேண்டும். அவன் சிரிப்பு நின்றது. பிறகு, "என் வேலை போச்சு" என்றான். "விசா போச்சு. பாஸுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? மறுபடி வர வெக்க எத்தனை நாளாகும்னு தெரியுமா உனக்கு? ஒரு வார்த்தை கேட்டுட்டு அறுத்திருக்கலாம்ல?"

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ரிஜிஸ்டரில் இருக்கிற கையெழுத்தைப் பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தேன். படத்தைப் பற்றி. வீட்டில் என் மனைவி பயந்துவிட்டாளா என்று. யாராவது கடைக்கு வந்து விசாரித்தார்களா என்று. அவன் ரெயிலைப் பற்றியே பேசினான், அதன் நீளம், அதன் விலை, ஒட்டவைக்க முடியுமா. ஒட்டவைக்க முடியுமா என்று இரண்டு முறை கேட்டான். முடியாது என்று இரண்டு முறையும் பொறுமையாக விளக்கினேன், அலுமினியத்தை வெல்டிங் செய்தால் கோணும், கோணினால் ஸ்கோப் நேராக உட்காராது என்று. அந்த நேரத்திலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவனே போனை வைத்தான்.

டிரைவர் வரவில்லை. அவனும் அதற்கப்புறம் வரவில்லை. அவன் வழக்கமாகச் சாப்பிட வருகிற ஞாயிற்றுக்கிழமையில் மனைவி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அரிசி போட்டாள். "அவரு வருவாரான்னு கேக்க மாட்டேன்" என்றாள். கேட்க வேண்டாம் என்றேன். கார்கோ ஆபீஸிலிருந்தோ வேறு எங்கிருந்தோ இதுவரை யாரும் வந்து ஒன்றும் கேட்கவில்லை. வந்தால் என்ன சொல்வது என்று மூன்று கதை தயாராக வைத்திருக்கிறேன். மூன்றிலும் அவன் பெயர் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று மனைவி கேட்டாள். அதற்கு மட்டும் என்னிடம் கதை இல்லை.